பெரிய கமராவும் பெயர் தெரியாத பிள்ளையும்

வடமராட்சியில் ஒரு வீடு. சாப்பாட்டு மேசையை யன்னல் பக்கமாக இழுத்து, அதன்மேல் கறுப்புத் துணியொன்றை விரித்து, நடுவில் ஒரு பழைய படத்தை வைத்திருந்தோம். 1960களில் அதே வீட்டு முற்றத்தில் எடுத்த படம். பிலிமை நேரடியாகக் கடதாசியின்மேல் வைத்துப் போட்ட சின்னச் சதுரப் பிரதி, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ட்ரைபொட்டில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது 102 மெகாபிக்சல் மீடியம் போர்மட் கமரா. எடுத்த படத்தை மடிக்கணினியில் திறந்து பெருப்பித்தபோது வீட்டுக்கார மாமி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து இருந்தார்.

"இது பெரியக்கா. இது நான். இது சின்னம்மா, கொழும்பில இருந்து வந்து நிண்டவ. அங்க பாருங்கோ, சேலைக் கரை கூடத் தெரியுது."

உண்மையில் எல்லாம் தெரிந்தது. முற்றத்தில் கிடந்த உரலின் வெடிப்புத் தெரிந்தது. படத்தின் ஓரத்தில், குசினி வாசல் தூணோடு ஒட்டிக்கொண்டு, பன்னிரண்டு வயது மதிக்கத்தக்க ஒரு பிள்ளை நின்றது. சட்டையில் ஒரு பொத்தான் இல்லை. அந்த இடத்தில் ஊசி குத்தியிருந்தது. கையில் கட்டிய நூலும் தெரிந்தது. சின்னப் பிரதியில் அந்தப் பிள்ளை வெறும் நிழல். இவ்வளவு காலமும் அங்கே ஒரு ஆள் நிற்பதையே வீட்டில் யாரும் கவனித்திருக்கவில்லை.

"இது ஆர் மாமி?"

மாமி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அது... வீட்டில வேலைக்கு நிண்ட பிள்ளை. மலையகத்தால கூட்டிக்கொண்டு வந்தது. பேர்தான் வருகுதில்லை."

அந்தக் கமரா ஒரு வருசம் எங்களிடம் இருந்தது. அதைப் பற்றி எழுதக் கேட்டவர்கள் பலர். படத்தின் தரம் எப்படி, போக்கஸ் எப்படி, வாங்கலாமா என்பதுதான் கேள்வி. ஆனால் எங்களுக்கு அந்த ஒரு வருசத்தை நினைத்தால் முதலில் வருவது தூணோரப் பிள்ளைதான். ஒரு ஊசியைக்கூடக் காட்டித்தரும் இந்தக் கமரா எங்கிருந்து வந்தது, யார் யாருடைய தேவைக்காக வளர்ந்தது, அது எதைத் தரும், எதைத் தராது என்பதை அவவை வைத்துக்கொண்டுதான் எங்களால் எழுத முடிகிறது.

120 பிலிமின் காலம்

'மீடியம்' என்ற சொல்லில் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. கண்ணாடித் தகடும் பெரிய தாள் பிலிமும் போடுகிற பெட்டிக் கமராக்கள் ஒரு பக்கம்; 36க்கு 24 மில்லிமீற்றர் அளவுள்ள 35 மில்லிமீற்றர் பிலிம் மறுபக்கம்; இரண்டுக்கும் இடைப்பட்டது மீடியம் போர்மட். இதன் அடித்தளம் 120 என்கிற சுருள் பிலிம். 1901இல் கொடக் கம்பனி அதைக் கொண்டுவந்தது, 'பிரவுணி' என்ற மலிவுக் கமராவுக்காக. அதாவது இன்று வசதியுள்ளவரின் பொருளாகப் பேசப்படும் இந்த அளவு, சாதாரண சனம் படம் எடுக்கட்டும் என்று செய்த ஒரு பெட்டியில் பிறந்தது. அந்த 120 பிலிம் இன்றைக்கும் உற்பத்தியாகிறது.

1929இல் ஜேர்மனியின் பிறவுன்ஷ்வைக் நகரில் பிராங்கே, ஹைடெக்கே என்ற இருவரின் தொழிற்சாலையிலிருந்து ரொலிபிளெக்ஸ் வந்தது. மேலே ஒரு லென்ஸ், கீழே ஒரு லென்ஸ். மேல் லென்ஸால் பார்ப்பது, கீழ் லென்ஸால் படம் பிடிப்பது. கமராவை வயிற்றுக்கு நேரே பிடித்துக் குனிந்து பார்க்கவேண்டும். பின்னாளில் ஜப்பானின் யஷிக்கா போன்றவை இதே அமைப்பை மலிவாகச் செய்தன. எங்கட ஊர் ஸ்ரூடியோக்களில் வேலை செய்த மூத்தவர்களுடன் கதைத்தால் முதலில் வருகிற பெயர்கள் இவைதான். ஒரு சுருளில் பன்னிரண்டு சதுரப் படம். கலியாணவீட்டுக்கு எத்தனை சுருள் என்று முதலே பேசி வைத்துக்கொள்வார்கள். பன்னிரண்டுதான் இருக்கிறதென்றால், படம் எடுக்கிறவர் ஆளைச் சரியாக நிறுத்தாமல் பொத்தானை அமுக்கமாட்டார்.

56 மில்லிமீற்றருக்கு 56 மில்லிமீற்றர் நெகட்டிவ் என்றால் 3,136 சதுர மில்லிமீற்றர். 35 மில்லிமீற்றர் பிலிமில் ஒரு படத்துக்கு 864தான். மூன்றரை மடங்குக்கு மேல் வித்தியாசம். மாமி வீட்டுப் படத்தில் ஊசி தெரிந்ததற்கு எங்கட கமரா மாத்திரம் காரணமில்லை. அறுபது வருசத்துக்கு முதல் அந்த முற்றத்தில் நின்ற பெயர் தெரியாத படப்பிடிப்பாளரின் பிலிமுக்குள் அது ஏற்கெனவே இருந்தது. அவர் வைத்துவிட்டுப் போனதை நாங்கள் எடுத்துப் பார்த்தோம், அவ்வளவுதான்.

பிறகு கலர் வந்தது, 35 மில்லிமீற்றர் வந்தது, மெஷினில் கழுவிக் கொடுக்கிற கடைகள் வந்தன. சதுரப் படம் மெல்ல மறைந்தது. அதற்குப் பிறகு எங்கட தலைமுறையின் முதல் டிஜிற்றல் படங்கள் வந்தன, இரண்டு மெகாபிக்சல் போனில் எடுத்தவை. அம்மம்மாவின் கலியாணப் படத்தை மேசையளவுக்குப் பெருப்பிக்கலாம். எங்கட பள்ளிக்கூடப் பிரியாவிடைப் படத்தைத் தாளளவுக்குக்கூடப் பெருப்பிக்க ஏலாது. புதுசு என்றால் பழசை விடக் கூடுதல் விபரம் தரும் என்று நினைப்பது எவ்வளவு பிழை என்று இதை வைத்தே சொல்லலாம்.

சந்திரனில் விட்டுவந்த கமரா

மீடியம் போர்மட்டின் இன்னொரு கிளை இராணுவத்திலிருந்து வருகிறது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1940இல், சுவீடன் விமானப்படை கொதென்பேர்க் நகரைச் சேர்ந்த விக்டர் ஹசல்பிளாட் என்பவரை அணுகியது. தங்கள் கையில் கிடைத்த ஜேர்மன் விமானக் கமரா ஒன்றைக் காட்டி, இதைப்போல ஒன்று செய்துதர முடியுமா என்று கேட்டது. அவர் செய்துகொடுத்தார். வானத்திலிருந்து மண்ணைப் படமெடுத்து எங்கே என்ன இருக்கிறது என்று எண்ணுவதற்கான கருவி அது. யுத்தம் முடிந்த பிறகு, 1948இல், பொதுமக்களுக்கான முதல் ஹசல்பிளாட் வெளிவந்தது. லென்ஸ், நடு உடல், பிலிம் பெட்டி என மூன்றாகக் கழற்றலாம். இந்தக் கழற்றும் அமைப்பைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கோ, பிறகு தேவைப்படும்.

யுத்தத்துக்குள் வளர்ந்த எங்களுக்கு வானத்திலிருந்து பார்க்கும் கமரா என்றால் வேறு ஞாபகங்கள்தான் வரும். நுணுக்கமாகப் பார்க்கவேண்டும் என்ற ஆசைக்கு முதலில் காசு கொடுத்தது கலை அல்ல என்பதை மட்டும் இங்கே சொல்லிவைக்கிறோம்.

1969 யூலையில் அப்பலோ 11 சந்திரனில் இறங்கியபோது போனதும் ஹசல்பிளாட்தான். 70 மில்லிமீற்றர் பிலிம், சைஸ் நிறுவனத்தின் 60 மில்லிமீற்றர் லென்ஸ். படங்களில் சின்னச் சின்னச் சிலுவைக் குறிகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பிலிமுக்கு முன்னாலிருந்த கண்ணாடித் தகட்டில் பொறித்த அளவுக் குறிகள் அவை. திரும்பி வரும்போது பாரத்தைக் குறைப்பதற்காகக் கமராவை அங்கேயே விட்டுவிட்டார்கள். பிலிம் பெட்டியைக் கழற்றிக்கொண்டு வந்தார்கள். எது திரும்பி வரவேண்டும், எதைக் கைவிடலாம் என்பதில் அவர்களுக்குச் சந்தேகம் இருக்கவில்லை. எங்களுக்கு அந்தத் தெளிவு வர ஒரு வருசம் எடுத்தது.

இன்னொன்றும் உண்டு. அந்த நடையில் கமரா பெரும்பாலும் ஆம்ஸ்ட்ரோங்கிடம்தான் இருந்தது. அதனால் நாங்கள் பார்த்துப் பழகிய புகழ்பெற்ற படங்களில் நிற்பவர் ஆல்ட்ரின். முதலில் காலடி வைத்தவர் நல்ல படங்களில் அநேகமாக இல்லை. கமரா யாருடைய கையில் இருக்கிறது என்பது, படத்தில் யார் இருக்கிறார் என்பதையும் தீர்மானிக்கும்.

அசையாததை மட்டும் பிடித்த காலம்

அதே 1969இல், அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் வில்லார்ட் போயில், ஜோர்ஜ் ஸ்மித் என்ற இருவர் சி.சி.டி. என்ற கருவியை வடிவமைத்தார்கள். விழுகின்ற ஒளியை மின்னூட்டமாக்கி, வாளி வாளியாகக் கைமாற்றுவதுபோல வரிசையாக நகர்த்தி எண்ணுகிற சில்லு. நாற்பது வருசம் கழித்து, 2009இல், அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. 1975இல் கொடக்கின் பொறியியலாளர் ஸ்டீவன் சாசன் இப்படியொரு சில்லை வைத்து முதல் டிஜிற்றல் கமராவைக் கட்டினார். நூறுக்கு நூறு பிக்சல், கறுப்பு வெள்ளை. ஒரு படம் கசற் நாடாவில் பதிய 23 செக்கன் எடுத்தது.

மீடியம் போர்மட்டுக்கு டிஜிற்றல் 1990களின் தொடக்கத்தில் வந்தது. அப்போதுதான் ஹசல்பிளாட்டின் கழற்றும் அமைப்பு கைகொடுத்தது. பிலிம் பெட்டியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு டிஜிற்றல் பின்பாகத்தைப் பூட்டினார்கள். லீப் என்ற நிறுவனத்தின் முதல் பின்பாகம் 2048க்கு 2048 பிக்சல், அதாவது 4 மெகாபிக்சல். கலர் வேண்டுமென்றால் சிவப்பு, பச்சை, நீலம் என்று வடிகட்டியை மாற்றி மூன்று தரம் எடுக்கவேண்டும். கணினியோடு வயரால் பிணைத்தே வைத்திருக்கவேண்டும். 1993இல் டென்மார்க்கில் தொடங்கிய பேஸ் வன் நிறுவனத்தின் ஆரம்பப் பின்பாகங்களோ ஸ்கானர்போல வரி வரியாக ஊர்ந்துதான் ஒரு படத்தை முடிக்கும்.

இதன் அர்த்தம் என்னவென்றால், அந்தக் கமராக்களால் மனிதரைக் கலரில் எடுக்க முடியாது. மூச்சு விட்டாலே கலர் பிசகிவிடும். அவை போத்தலையும் தளபாடத்தையும் மணிக்கூட்டையும் விளம்பரப் புத்தகங்களுக்காக எடுத்தன. உயர் துல்லிய டிஜிற்றல் படத்துக்கு முதல் வாடிக்கையாளர்கள் விற்பனைக்கு வைத்த பொருட்கள்தான்.

அதன்பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். 2002இல் ஹசல்பிளாட், புஜிபில்முடன் சேர்ந்து எச்1 என்ற புதுக் கமராவை இறக்கியது. 2010இல் பென்ராக்ஸ் 645டி 40 மெகாபிக்சலோடு வந்தது. 2014இல் சோனி செய்த 50 மெகாபிக்சல் சீமோஸ் சில்லு பேஸ் வன், ஹசல்பிளாட், பென்ராக்ஸ் மூன்றுக்குள்ளும் போனது. இருட்டிலும் ஓரளவு எடுக்கலாம், திரையில் பார்த்தபடி போக்கஸ் பண்ணலாம் என்ற நிலை அப்போதுதான் வந்தது. 2016இல் கண்ணாடி இல்லாத எக்ஸ்1டி. 2017இல் புஜிபில்மின் ஜிஎப்எக்ஸ். 2019இல் 102 மெகாபிக்சல் ஜிஎப்எக்ஸ் 100 சுமார் 10,000 டொலருக்கு வந்தது. இரண்டே வருசத்தில் அதே துல்லியம் சுமார் 6,000 டொலருக்கு இறங்கியது. ஒருகாலத்தில் பின்பாகம் ஒன்றுக்கு மட்டும் பல பத்தாயிரம் டொலர் கொடுத்தவர்களுக்கு இது மலிவு. எங்களுக்கு இப்பவும் எட்டாத விலைதான்.

ஒரு உண்மையையும் சேர்த்துச் சொல்லவேண்டும். இந்தக் கமராக்களின் சில்லு ஏறத்தாழ 44க்கு 33 மில்லிமீற்றர். அதாவது 1,450 சதுர மில்லிமீற்றருக்குள். மாமி வீட்டுப் படத்தை எடுத்த 120 பிலிமின் பரப்பில் பாதி கூட இல்லை. பெயர் மட்டும் அதே 'மீடியம்'.

எங்களோடு இருந்த ஒரு வருசம்

கமரா எங்களுடையது இல்லை. கனடாவிலிருந்து வந்த ஒரு நண்பனின் அண்ணா, "ஒரு வருசம் வைச்சிருந்து உருப்படியா ஏதாவது செய்யுங்கோ" என்று விட்டுவிட்டுப் போனது. அவர் போன அடுத்த கிழமையே நாங்கள் அதைத் தூக்கிக்கொண்டு ஒரு கோயில் திருவிழாவுக்குப் போனோம். எடுத்ததில் முக்கால்வாசி வீண்.

ஏன் என்று விளங்க நாள் எடுத்தது. 102 மெகாபிக்சல் என்றால் நீளப்பாட்டில் 11,648 பிக்சல், உயரத்தில் 8,736. ஒவ்வொரு பிக்சலும் நாலு மைக்ரோமீற்றருக்கும் குறைவு. கை கொஞ்சம் நடுங்கினாலும் அது பல பிக்சல் தாண்டிப் போய்விடும். சின்னக் கமராவில் சமாளித்த வேகம் இதில் காணாது. இரண்டு மடங்கு வேகமாவது வைக்கவேண்டும். போக்கஸ் இமைமயிரில் நின்றால் மூக்கு மங்கல். லென்ஸ் துளையைக் கூடச் சுருக்கினால் ஒளியே வளைந்து முழுப்படமும் மெதுவாகிவிடும். கமரா உங்கட பிழைகளை மறைக்காது. தேர்த்திருவிழாவில் ஓடி ஓடி எடுக்க எங்களுக்குப் பழைய கமராவே போதும் என்று விட்டுவிட்டோம்.

அடுத்தது கோப்புகளின் பாரம். ஒரு படத்தை 16 பிற் டிஃப் ஆகத் திறந்தால் 600 மெகாபைட்டுக்கு மேல் வரும். கணக்கு எளிது: பத்துக் கோடிப் பிக்சல், ஒவ்வொன்றுக்கும் ஆறு பைட். எங்களிடமிருந்த மடிக்கணினி ஒரு படத்தைத் திறக்கிற நேரத்துக்குள் தேத்தண்ணி போட்டுக் குடிச்சிட்டு வரலாம். இரண்டு படத்தைச் சேர்த்துத் திறந்தால் அப்படியே நின்றுவிடும். நடுவில் கரண்ட் போனால் முதலிலிருந்து தொடங்கவேண்டும்.

நாலாம் மாதம் பெரிய அடி விழுந்தது. மூன்று வீடுகளில் எடுத்த படங்கள் முழுவதையும் ஒரே வெளி ஹார்ட் டிஸ்க்கில் வைத்திருந்தோம். இன்னொரு பிரதி எடுக்க இடமில்லை, வாங்கக் காசில்லை. ஒருநாள் அது டிக் டிக் என்று சத்தம் போட்டது, அதோடு சரி. இரண்டு வீட்டுக்குத் திரும்பப் போய், வெட்கத்தைச் சொல்லி, மறுபடி எடுத்தோம். மூன்றாவது வீட்டில் அம்மம்மா செத்துப்போயிருந்தார். அல்பம் இருந்தது. அதிலிருக்கிற ஆட்களைத் தெரிந்த ஒரே ஆள் போய்விட்டார்.

அன்றைக்கு இரவு எங்களுக்குள் சண்டை வந்தது. லென்ஸ் ஒன்றுக்காகச் சேர்த்து வைத்திருந்த காசில் இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்குவதா என்பது கேள்வி. வாங்கினோம். அதற்குப் பிறகு ஒரு கோப்பு மூன்று இடத்தில், அதில் ஒன்று வேறு ஊரில் என்பது சட்டம். ஆனால் அந்த அம்மம்மா விசயத்தை எந்த டிஸ்க்கும் தீர்த்துவைக்காது என்பதும் எல்லாருக்கும் விளங்கியிருந்தது.

ஓவியமும் ஓலையும்

இந்தக் கமரா உண்மையில் எதற்கு நல்லது என்று கேட்டால், அது பிறந்த வேலைக்குத்தான்: அசையாத பொருளைப் பொறுமையாகப் பார்ப்பதற்கு. அம்ஸ்ரர்டாமிலுள்ள ரைக்ஸ் மியூசியம் ரெம்பிராண்டின் 'இராக்காவல்' ஓவியத்தை 100 மெகாபிக்சல் ஹசல்பிளாட் கமராவால் 8,439 துண்டுகளாக எடுத்து, 2022 ஜனவரியில் 717 கிகாபிக்சல் படமாக வெளியிட்டது. அதில் ஒரு பிக்சலுக்கும் அடுத்த பிக்சலுக்கும் இடையில் ஐந்து மைக்ரோமீற்றர்தான். ஒரு நாடு தன்னுடைய ஒரு ஓவியத்துக்குக் காட்டுகிற கவனம் அது.

எங்கட பக்கத்தில் 1981 யூன் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்து கிடந்தது. 97,000 வரையான நூல்களும் ஏடுகளும் போயின. அவற்றுக்குள் வேறெங்கும் பிரதியில்லாத ஓலைச்சுவடிகளும் இருந்தன. அதற்குப் பிறகு 1995 இடப்பெயர்வு, 2004 சுனாமி, 2009. ஒவ்வொன்றிலும் வீட்டு அலுமாரிகளுக்குள் இருந்தவையும் போயின. 2005இல் தொடங்கிய நூலகம் என்ற இணைய நூலகம் மாதிரியான முயற்சிகள் எங்கட ஆட்களுக்கு வெறும் தொழில்நுட்ப ஆர்வமாக இல்லாமற் போனதற்குக் காரணம் இதுதான்.

ஒரு 40 சென்ரிமீற்றர் நீள ஓலையை முழுதாக ஒரே படத்தில் எடுத்தால், 24 மெகாபிக்சல் கமராவில் அங்குலத்துக்கு 380 பிக்சல் கிடைக்கும். 102 மெகாபிக்சலில் 740. மை தேய்ந்துபோன ஓலையில் எழுத்தாணி கீறிய பள்ளம் மட்டும் மிஞ்சியிருக்கும்போது இந்த வித்தியாசம் பெரிசு. விளக்கைப் பக்கவாட்டில் சரித்து வைத்தால் பள்ளத்தின் நிழல் விழும். அந்த நிழலைத்தான் வாசிக்கிறோம். ஓலையை நிமிர்த்துகிறோம் என்று அழுத்தக்கூடாது, வெடித்துவிடும். வளைந்தபடியே விட்டு, போக்கஸை மாற்றி மாற்றி இரண்டு மூன்று எடுத்துச் சேர்க்கலாம். பழைய ஸ்ரூடியோப் படங்களில் பட்டுத்துணிபோல நெளிவுள்ள கடதாசி ஒரு தலையிடி, ஒவ்வொரு நெளிவும் மினுங்கும். விளக்குக்கு ஒரு முனைவாக்கித் தாளும் லென்ஸுக்கு ஒரு முனைவாக்கி வடிகட்டியும் போட்டு, ஒன்றுக்கொன்று குறுக்காகத் திருப்பினால் மினுக்கம் அடங்கும். இவை எல்லாம் நாங்கள் பிழைவிட்டுப் பழகியவை.

ஆனால் ஓலைக்கும் படத்துக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. ஓலையில் எழுத்துத் தெரிந்தால் அதை வாசிக்க ஒருவர் எப்போதாவது வருவார். படத்தில் முகம் தெரிந்தால் மட்டும் அது யாருடைய முகம் என்று யாரும் வாசிக்க முடியாது.

களுத்துறைக் கண்ணாடிகள்

இது புதுப் பிரச்சினை அல்ல. 1875இல் ஜூலியா மார்கரெட் கமரன் என்ற புகழ்பெற்ற ஆங்கிலப் படப்பிடிப்பாளர் கணவரோடு இலங்கைக்குக் குடிவந்தார். கணவருக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தன. ஏறத்தாழ 12க்கு 15 அங்குலக் கண்ணாடித் தகடுகளில் வேலை செய்து பேரெடுத்தவர் அவர். கூர்மையைத் தேடியவர் இல்லை. அவருடைய படங்களின் மென்மைதான் பேசப்பட்டது. இங்கே அவர் எடுத்தவற்றில் மிகச் சில படங்களே மிஞ்சியிருக்கின்றன. அவற்றில் உள்ளூர் ஆட்களும் தோட்டங்களில் வேலை செய்த தமிழர்களும் இருக்கிறார்கள்.

1877இல் மரியான் நோர்த் என்ற ஆங்கில ஓவியர் களுத்துறையில் அவருடைய வீட்டுக்கு வந்தார். கமரன் அவரையும் படமெடுத்தார். அந்தப் படம் இன்றைக்கும் மரியான் நோர்த் என்ற பெயரோடு இருக்கிறது. மற்ற ஆட்களின் படங்களோ 'களுத்துறைக் குடியானவர்கள்' என்கிற மாதிரியான தலைப்புகளோடு இருக்கின்றன. அதே கமரா, அதே கை. பெயர் கேட்டு எழுதிவைக்க வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றியது, மற்றவர்களுக்குத் தோன்றவில்லை. 1879இல் கமரன் திக்கோயாவில் காலமானார். பொகவந்தலாவையில் அவருடைய கல்லறை பெயரோடு இருக்கிறது.

இதை வாசித்தபோது எங்களுக்குக் கோபம் வந்தது. அவர் வெள்ளைக்காரத் தோட்ட முதலாளியின் மனைவி, வேறென்ன செய்வார் என்று கதைத்தோம். பிறகு மாமி வீட்டுப் படம் ஞாபகம் வந்தது. அதே மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்து, வறுமையால், பிள்ளைகள் யாழ்ப்பாண வீடுகளுக்கு வேலைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். குசினியில் நின்றார்கள், எங்கட அப்பா அம்மாமாரைத் தூக்கி வளர்த்தார்கள், படத்துக்கு நிற்கும்போது ஓரத்தில் நின்றார்கள். அவர்களின் பெயரை எழுதி வைக்காதவர் எந்த வெள்ளைக்காரரும் இல்லை. எங்கட வீடுகள்தான்.

எங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறோம். முதல் மூன்று மாதம் எங்கட கோப்புப் பெயர்களில் இருந்தது வீட்டு இலக்கமும் அல்பத்தின் பக்கமும் மட்டும்.

பெயர்

அதற்குப் பிறகு முறையை மாற்றினோம். ஒருவர் கமராவில் நின்றால், ஒருவர் வீட்டு மூத்தவரோடு இருந்து போனில் குரலைப் பதிவுசெய்வார். ஒவ்வொரு படத்திலும் இடமிருந்து வலமாகக் கேட்பது: யார், எந்த ஊர், யாருக்கு என்ன முறை, யார் எடுத்தது. ஓரத்தில் நிற்பவரிடமிருந்து தொடங்குவது என்பது எங்களுக்குள் வந்த பழக்கம். நடுவில் நிற்பவரை எப்படியும் யாராவது ஞாபகம் வைத்திருப்பார்கள். ஒரு நாளைக்கு எண்பது படம் எடுத்த இடத்தில் இருபதுதான் முடிந்தது. கமராவுக்கு இது நட்டம்தான்.

மாமி வீட்டுப் படத்தை வெட்டிச் சுருக்கி வட்ஸ்அப்பில் அனுப்பினோம். மாமியே நாலு பேருக்கு அனுப்பினார். 600 மெகாபைட் படம், போய்ச் சேரும்போது 100 கிலோபைட் கூட இருந்திருக்காது. ஊசியும் தெரியாது, நூலும் தெரியாது. இரண்டு கிழமை கழித்துப் பக்கத்துக் காணியில் முந்தி இருந்த ஒரு அம்மா, இப்போது வவுனியாவில் இருப்பவர், குரல் செய்தி அனுப்பினார். அவருக்கும் அந்தப் பிள்ளைக்கும் ஒரே வயதாம். மதிலுக்கு அங்காலயும் இஞ்சாலயும் நின்று கதைப்பார்களாம். பெயரைச் சொன்னார். பிறகு, "அது இவையள் கூப்பிட்ட பேர். தாய் தேப்பன் வைச்ச பேர் வேற எண்டு ஒருக்கால் சொன்னவள். அது எனக்கு ஞாபகமில்லை" என்றார்.

மாமி அந்தக் குரலை இரண்டு தரம் போட்டுக் கேட்டார். "ஓம், ஓம், அந்தப் பேர்தான்" என்றார். பிறகு ஒன்றும் கதைக்கவில்லை. கொஞ்சம் கழித்து, "நான் பேர்கூட மறந்திட்டன் என்ன" என்று மட்டும் சொன்னார்.

அந்தப் பெயரை இங்கே எழுதவில்லை. அவ உயிரோடு இருக்கலாம். இருந்தால் எழுபது தாண்டியிருப்பா. அந்தப் பெயரால் தன்னை யாரும் கூப்பிடுவதை விரும்புவாவோ என்று கேட்க எங்களுக்கு வழியில்லை. படத்தின் பதிவில் மட்டும் எழுதியிருக்கிறோம்: வீட்டார் கூப்பிட்ட பெயர் இது, சொந்தப் பெயர் தெரியாது, சொன்னவர் அயலில் இருந்த தோழி.

கமரா திரும்பிப் போய்விட்டது. மூன்று டிஸ்க்கிலும் படங்கள் இருக்கின்றன. இப்போது எங்களிடமிருப்பது பழைய 24 மெகாபிக்சல் கமராவும் ஒரு விளக்கும். அந்தக் கமரா இல்லாத குறை ஓலைகளில் தெரியத்தான் செய்யும். இல்லையென்று பொய் சொல்லமாட்டோம். ஆனால் உங்கட வீட்டு அல்பத்துக்கு நீங்கள் பெரிய கமராவுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. இந்தப் போயாவுக்கு வீட்டில் நிற்பீர்களென்றால், அல்பத்தை எடுத்துக்கொண்டு அப்பம்மாவுக்குப் பக்கத்தில் போய் இருங்கோ. போனில் குரலைப் பதியப் போடுங்கோ. படத்தின் பின்பக்கம் எழுதுவதானால் மெல்லிய பென்சிலால், அழுத்தாமல் எழுதுங்கோ. பேனை மை முன்பக்கத்துக்கு ஊறிவிடும். ஓரத்தில் நிற்கிற ஆளிலிருந்து கேட்கத் தொடங்குங்கோ.